மட்டாஞ்சேரி பரதேசிப் பள்ளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி போயிருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழைய வணிகத்தைப் பற்றி ஏதோ எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஓய்வு பெற்ற தாத்தாக்களுக்கு இது போன்ற வேலைகள்தான் மிச்சம். காக்கநாட்டில் வாட்டர் மெட்ரோ படகு ஏறி வைற்றிலாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

ஜூதத் தெரு என்று இங்கே சொல்லும் யூதத் தெருவின் கோடியில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பேத்தி நின்றுவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, பரதேசின்னா நம்ம ஆச்சி திட்டுற வார்த்தையில்லே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் பரதேசி என்றால் சோற்றுக்கு வழியில்லாமல் திரிகிறவன். கோபம் வந்தால் சொந்தப் பிள்ளையையே அப்படித் திட்டுவோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு உள்ள நேர்ப்பொருள் வேறு ஊரிலிருந்து வந்தவன் என்பதுதான். அந்தக் கணக்கில் 40 வருஷத்துக்கு மேலாகக் கொச்சியில் குடியிருக்கும் நானும் பரதேசி, இந்த இதழைப் படிக்கிற அன்பர்கள் எல்லோரும் பரதேசிகள். இதைச் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்தவள், ஒத்துக்கொள்ளவில்லை.

'பள்ளி' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நமக்குப் பள்ளி என்றால் இன்று பாடசாலை. பழைய தமிழில் சமண முனிவர்கள் தங்கிய இடமும் பள்ளி, இஸ்லாமியர் தொழுமிடம் பள்ளிவாசல். மலையாளத்தில் கிறிஸ்தவர் கோயிலும் பள்ளி, யூதர் கோயிலும் பள்ளி. யூதர்கள் தங்கள் மொழியில் இதைக் 'கூடும் வீடு' என்ற பொருளில் சொல்கிறார்கள். நம் சங்கக் கட்டடத்துக்குக்கூடப் பொருந்துகிற பெயர்.

1492ல் ஸ்பெயின் தேசத்திலிருந்து யூதர்களை வெளியேற்றினார்கள். அப்படிச் சிதறியவர்களில் சிலரும், பிற்பாடு அலெப்போ, பாக்தாத் பக்கமிருந்து வந்தவர்களும் கொச்சியில் குடியேறினர். அவர்களே பரதேசி யூதர்கள். கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568ல் இந்தப் பள்ளியைக் கட்டினார்கள். அரண்மனை வளாகத்திலுள்ள பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் இந்தப் பள்ளிக்கும் நடுவில் ஒரே சுவர். கோயில் மணியும் இவர்களுடைய பிரார்த்தனையும் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நானூறு வருஷம் ஒலித்திருக்கின்றன. 1662ல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுத் திரும்பியபோது, அவர்களுக்கு உதவியதாகச் சொல்லிப் போர்ச்சுக்கீசியர் பள்ளிக்குத் தீ வைத்தனர். மறு வருஷம் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகு பள்ளி பழுது பார்க்கப்பட்டது.

நான் கட்டடக் கலை நிபுணன் அல்ல. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், சிறு பாலம், குவார்ட்டர்ஸ் ரிப்பேர் என்று காலம் தள்ளியவன். ஆகையால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் சுவர், பிறகு தரை, பிறகு கூரை என்றுதான் கண் போகும். இந்த ஊர்ப் பழைய யூதப் பள்ளிகள் எல்லாம் செம்புராங்கல் கட்டுமானம். இங்கே வெட்டுகல்லு என்பார்கள். பூமியிலிருந்து வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். கனத்த சுவர், மேலே சுண்ணாம்புக் காரைப் பூச்சு, மரச் சட்டத்தில் ஓட்டுக் கூரை. கேரளத்து வீட்டுக்கும் கோயிலுக்கும் உள்ள அதே முறைதான். கட்டச் சொன்னவர்கள் கடல் கடந்து வந்தவர்கள், வேலைமுறை உள்ளூர்க் கொத்தனும் ஆசாரியும் பழகியது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளவரை வெட்டுகல்லுக்கு ஆயுசு கெட்டி. பூச்சு உதிர்ந்து, கூரையும் ஒழுக ஆரம்பித்தால் கல் தண்ணீரைக் குடித்துக் கரையும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் பள்ளி என்று ஒன்று. 1544ல் கட்டப்பட்டது என்பார்கள், அதாவது பரதேசிப் பள்ளிக்கும் மூத்தது. அதைச் சேர்ந்தவர்கள் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கட்டடம் கைமாறிச் சரக்குக் கிடங்காயிற்று. உள்ளே இருந்த மர வேலைப்பாடுகளை 1990களில் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் மியூசியத்துக்குக் கொண்டுபோய் அங்கே பொருத்தி வைத்திருக்கிறார்கள். வெறும் கூடாக நின்ற கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. ஆள் புழங்காத கட்டடத்தின் கதி இதுதான் என்று எந்த ஓவர்சியரும் சொல்வார்.

பரதேசிப் பள்ளிக்கு வருவோம். வெளியே நிற்கும் மணிக்கூண்டு 1760ஆம் வருஷத்தது. டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகராக இருந்த எசக்கியேல் ரஹாபி கட்டியது, 45 அடி உயரம். கடிகார முகங்களில் ஒன்றில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள். பழைய மலையாள எண்களைப் பார்த்தால் நம் தமிழ் எண்களின் உடன்பிறப்பு என்று உடனே தெரியும். 'இரண்டு' அப்படியே நம்முடைய பழைய பஞ்சாங்கத்து 'உ'. நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், படிக்கிற எழுத்து மட்டும் வேறு. பல காலம் ஓடாமல் நின்ற இந்தக் கடிகாரத்தையும் கூண்டையும் உலக நினைவுச் சின்ன நிதியம் என்ற அமைப்பு முன்னின்று 2001 வாக்கில் செப்பனிட்டது.

உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். கொச்சி யூதர்கள் வெறுங்காலோடுதான் தங்கள் பள்ளிக்குள் போவார்கள். வேறு தேசத்து யூதர்களிடம் இந்தப் பழக்கம் பொதுவாக இல்லை. நம்மைப் பார்த்துப் பழகியதாகவே இருக்க வேண்டும்.

தரைதான் இங்கே பிரசித்தம். வெள்ளையில் நீலம் தீட்டிய சுமார் 1,100 சீனத்து ஓடுகள். ரஹாபி 1762ல் கான்டனிலிருந்து கப்பலில் வரவழைத்துப் பதித்தவை. ஒவ்வொரு ஓடும் ஒரு தினுசு, இரண்டு ஒன்றுபோல் இராது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த மாதிரிப் பேச்சை அப்படியே ஏற்றுப் பழக்கமில்லை. பேத்தியும் நானும் ஓரமாகக் குனிந்து பார்த்தோம். மரமும் வீடும் பூவும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் எல்லாம் கையால் தீட்டியது. ஒரு ஓட்டில் கிளை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, ஒன்றில் நீலம் கூடிவிட்டது, ஒன்றில் வரைந்தவருக்கு அவசரம். படம் ஒன்று, கை வேறு என்று சொன்னால் சரியாயிருக்கும். இந்த ஓடுகள் ராஜாவின் அரண்மனைக்கு வந்தவை என்றும், செய்முறையில் பசுவின் ரத்தம் கலந்திருப்பதாக யாரோ காதில் போட, அவர் வேண்டாமென்று தள்ளியதால் இங்கே வந்தன என்றும் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் காண்டிராக்டர்களோடு பழகியவன் என்ற முறையில், சரக்கைத் தட்டிக்கொண்டு போக இப்படி ஒரு வழி இருந்திருக்கும் என்று நம்பத் தோன்றுகிறது!

நடுக்கூடத்தில் பித்தளைக் கம்பித் தடுப்பு போட்ட ஒரு மேடை. வேதம் ஓதுகிறவர் அதில் நிற்பார். சுற்றிலும் பெஞ்சுகள். மேற்குச் சுவரில், ஜெருசலேம் இருக்கும் திசையில், வேதச் சுருள்களை வைக்கும் வேலைப்பாடு மிக்க மரப்பேழை. தலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளும் எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. தூண்களின் மேல் மாடி. அதிலும் ஒரு ஓதுமேடை இருக்கிறது. இரண்டாவது மேடை கேரளத்துப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. சாதாரண நாள் பிரார்த்தனை கீழே, ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் வேதச் சுருளை மேலே கொண்டுபோய் ஓதுவார்கள். மாடியில் தட்டிக்குப் பின்னால் பெண்கள் உட்காருவதால், அந்த நாட்களில் ஓதுகிறவர் அவர்களுக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

சிலை இல்லை, படம் இல்லை. ஜனங்களுக்கு நடுவில் ஒருவர் நின்று படிக்கிறார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தொழிலின் முன்னோர்கள் நினைவு வந்தது. 1825 செப்டம்பர் 27ல் இங்கிலாந்தில் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதை எங்களுக்கு முதல் பாடம். அதற்கு முன்னின்று பணம் திரட்டிய எட்வர்ட் பீஸும் அவர் கூட்டத்தாரும் குவேக்கர்கள். அந்த மதப்பிரிவினரின் கூடும் வீடுகளில் பீடமும் இல்லை, பாதிரியும் இல்லை. பெஞ்சுகளில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு உள்ளத்தில் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசுவார். இதைவிட எளிய சமத்துவமான கட்டடம் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அடிமை முறையை எதிர்த்துப் போராடிப் பேர் வாங்கிய அவர்களே, அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா ஆர்ச் தெருக் கூடத்தில் கறுப்பினத்தாருக்கென்று ஒரு தனிப் பெஞ்சு ஒதுக்கியிருந்தார்கள். சாரா மாப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை 1830களில் அதைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். கட்டடத்தின் பிளானைப் பார்த்தால் தெரியாது. யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

பரதேசிப் பள்ளியிலும் அந்தக் கேள்வி உண்டு. பிரதான கூடத்துக்குள் நுழையுமுன் ஒரு முன்கூடம் வருகிறது. வருகிறவர்கள் நிற்பதில்லை, உள்ளே உள்ள ஓடுகளைப் பார்க்கிற அவசரம். பரதேசிகளுக்கு முன்பே, பல நூறு வருஷமாக இங்கே வாழ்ந்த மலபார் யூதர்களுக்கு இந்தப் பள்ளியில் சம உரிமை கிடையாது. அதற்கும் கீழே ஒரு பிரிவு: பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி. மதம் ஒன்று, வேதம் ஒன்று. ஆனாலும் அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார முடியாது, முன்கூடத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். இறந்தால் புதைக்கவும் தனி இடம்.

அந்தக் குடும்பங்களில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). பெயரைப் பார்த்து நம் சேலத்துக்காரர் என்று எண்ண வேண்டாம். ஆனால் சென்னையில் சட்டம் படித்தவர். வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ்காரர். வெளியே தேசத்தின் விடுதலைக்குப் பேசிய மனிதர், தன் சொந்தப் பள்ளியில் வாசல்புறம் உட்கார வேண்டியிருந்தது. சத்தியாகிரக முறையைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார். வழிபாட்டைப் புறக்கணித்தார், வாதாடினார், விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடம் கிடைத்தது. யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லாத வைக்கத்தில் 1924ல் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கப் போராட்டம் நடந்ததும், நம் பெரியார் அங்கே வந்து சிறை சென்றதும் அன்பர்களுக்குத் தெரியும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போக 1939 ஆயிற்று. ஆகவே யூதர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையிலும் வாய் இல்லை. 1983ல் நான் இங்கே வந்திருக்கிறேன். வில்லிங்டன் ஐலண்டில் ஹார்பர் டெர்மினஸ் பக்கம் ஒரு அளவு வேலை. முடிந்ததும் மீதிப் பொழுதில் படகேறி மட்டாஞ்சேரி வந்தேன். கூட எங்கள் கலாசி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாசலில் வந்ததும் அவர் நின்றுவிட்டார். "நாம உள்ள போகலாமா சார்?" என்று கேட்டார். நாம் என்று அவர் சொன்னது தன்னை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதுகூடப் பாதிதான் உண்மை. "நீங்க செருப்பையும் லெவல் பெட்டியையும் பாத்துக்குங்க, நான் ஒரு பார்வை பாத்துட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஓடுகளை நிதானமாகப் பார்த்தேன். முன்கூடத்தை அன்றும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் என் செருப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சம்பவம் நாற்பது வருஷம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது சேலத்தின் கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வந்தது. அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அப்புறம் அந்தத் தாத்தா உள்ளே போய்ப் பாத்தாரா?"

"இல்லம்மா. படகுக்கு நேரமாயிடுச்சு."

"நீங்க கூப்பிடவே இல்லையா?"

"இல்லை."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தன் நோட்டில் முன்கூடத்தையும் பெரிய கூடத்தையும் இரண்டு கட்டமாகப் போட்டு, சின்னக் கட்டத்துக்குள் சேலம் என்று எழுதிக்கொண்டாள்.

தமிழர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்தாரின் பெருஞ்செல்வம். வட்டெழுத்தில் பொறித்தது. மொழி அக்காலத்து மேற்குக்கரைத் தமிழ். பழைய மலையாளம் என்று மலையாள நண்பர்கள் சொல்வார்கள், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ரப்பானின் பெயர் அதில் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று நம் வாய்க்கு வசதியாக மாறியிருக்கிறது. முயிரிக்கோட்டில், அதாவது நம் சங்க நூல்கள் சொல்லும் முசிறியின் பக்கத்தில், மன்னன் இருந்தபோது கொடுத்தது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும், 72 உரிமைகளும், சுங்க விலக்கும் ரப்பானுக்குக் கிடைத்தன. பகல்விளக்கு, நடப்பதற்கு விரிக்கும் பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று அந்த உரிமைகளின் பெயர்கள் போகின்றன. ஒவ்வொன்றும் நமக்கு அகராதி இல்லாமலே விளங்கும். இந்தச் செப்பேடு யாருடைய முன்னோருக்குக் கொடுக்கப்பட்டது என்று மலபார் யூதருக்கும் பரதேசி யூதருக்கும் நெடுங்காலம் வழக்கு இருந்தது. 2017 ஜூலையில் நம் பிரதமர் நரேந்திர மோடி இஸ்ரேல் சென்றபோது இதன் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தார். கொச்சங்காடியில் இருந்த இன்னும் பழைய பள்ளியின் கல்வெட்டு ஒன்றும் இங்கே சுவரில் பதித்திருக்கிறது. அது 1344ஆம் ஆண்டினது.

1968ல் இந்தப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள். விழா நடந்தபோதே தெரு காலியாகிக்கொண்டிருந்தது. யாரும் இவர்களைத் துரத்தவில்லை. யூதர்களைத் துன்புறுத்தாத நாடுகளில் நம் நாடு ஒன்று என்று அவர்களே நன்றியோடு சொல்கிறார்கள். இருந்தும் சொந்த நாடு என்ற ஒன்று ஏற்பட்டதும் பிள்ளைகள் போனார்கள், பிள்ளைகள் பின்னால் பெற்றோரும் போனார்கள். இன்று இந்தத் தெருவில் பரதேசி யூதரை எண்ண ஒரு கையின் விரல்கள் தேவைப்படாது. வீடுகளில் பழம்பொருள் கடைகளும் காஷ்மீர்ச் சால்வைக் கடைகளும். சுக்கு, மிளகு வாசனை மட்டும் பழையபடி.

பொதுப் பிரார்த்தனை நடக்க அவர்கள் முறைப்படி பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் போதாது. உள்ளூரில் பத்துப் பேர் சேராமல் போய் வருஷங்களாகின்றன. வெளியூரிலிருந்து யூத யாத்திரிகர்கள் வந்து சேரும் நாளில்தான் முறையான பிரார்த்தனை. நம் சங்கத்தின் பொதுக்குழுவில் கோரம் சேராமல் அரை மணி ஒத்திவைத்து, பிறகு இருக்கிறவர்களை வைத்து நடத்திவிடுகிறோம். அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஓடுகள் துடைத்துப் பளபளவென்று இருக்கின்றன, கடிகாரம் செப்பனிட்டாயிற்று, சுவரில் ஒரு விரிசல் இல்லை. பத்துப் பேர்தான் இல்லை.

வெளியே வந்தபோது பேத்தி பெயர்ப் பலகையை மறுபடி பார்த்தாள். "ஆச்சி இனிமே திட்டினா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள்.

போக விரும்பும் அன்பர்களுக்கு: சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பள்ளி திறப்பதில்லை. வெள்ளிக்கிழமையையும் தவிர்ப்பது நல்லது. நண்பகலில் மூடிப் பிற்பகலில் மீண்டும் திறப்பார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை, அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறு போனால் இரண்டையும் பார்க்கலாம். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போகலாம். காவலுக்கு யாரையும் நிறுத்த வேண்டியதில்லை.